குரலுக்கு வேண்டும் குடிநீர்

மணியோசையைக் கேட்டுக் கோயில் எதுவென்று அறிவது போல, குரலைக் கேட்டு மனிதரை அறிகிறோம். சமையலறையிலிருந்து அம்மா கூப்பிட்டால் முகம் பாராமலே அம்மா என்று தெரிந்துவிடுகிறது. பாட்டு வகுப்பிலும், பேச்சுப் போட்டியிலும், காலை வழிபாட்டிலும் நாம் நம்பியிருப்பது இந்தக் குரலைத்தான். ஆனால் அதற்காக நாம் செய்வது என்ன? போட்டிக்கு முந்தின நாள் மிளகும் பனங்கற்கண்டும் வாயில் போட்டுக்கொள்கிறோம். அவ்வளவே!

அன்புத் தோழியரே, என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். முன்பு நான் வேறொரு பள்ளியில் படித்தபோது வெளியூரில் ஒரு பேச்சுப் போட்டிக்குச் சென்றேன். நீண்ட பஸ் பயணம். போகும் இடத்தில் கழிவறை எப்படி இருக்குமோ என்ற பயம். எனவே முந்தின நாள் மாலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிட்டேன். போதாக்குறைக்கு வீட்டில் உரக்கக் கத்திப் பயிற்சி வேறு! மேடையில் முதல் இரண்டு நிமிடம் நன்றாகவே போயிற்று. மூன்றாம் நிமிடத்தில் குரல் கம்மியது. பிறகு காற்றுதான் வந்தது, சொல் வரவில்லை. நடுவர் ஒருவர் இரக்கப்பட்டுத் தண்ணீர் கொடுத்தார். ஒரு டம்ளர் முழுவதும் குடித்தேன். குரல் திரும்பவில்லை. அழுதுகொண்டே இறங்கினேன்.

அந்தத் தண்ணீர் ஏன் உதவவில்லை என்ற கேள்வி என்னை விடவில்லை. பின்னர் படித்துத் தெரிந்துகொண்டேன்.

நம் தொண்டையில் மூச்சுக்குழலின் வாயிலில் இரண்டு சிறிய குரல் நாண்கள் இருக்கின்றன. 1854-இல் மானுவல் கார்சியா என்ற பாட்டு ஆசிரியர், பல் மருத்துவரின் சிறு கண்ணாடியையும் சூரிய ஒளியையும் கொண்டு தம் குரல் நாண்களைத் தாமே பார்த்தார். பாடுகிறவர் ஒருவரின் ஆவலால் மருத்துவ உலகுக்கே ஒரு வழி திறந்தது. பெண்கள் பேசும்போது இந்த நாண்கள் விநாடிக்கு ஏறக்குறைய 200 முறை அதிர்கின்றன. ஐந்து நிமிடப் பேச்சில் பாதி நேரம் மட்டுமே அவை ஒலித்தாலும் 30,000 அதிர்வுகள்! இவ்வளவு உரசலையும் தாங்குவதற்கு அவற்றின் மேல் மெல்லிய ஈரப் படலம் ஒன்று இருக்கிறது. உடலில் நீர் குறைந்தால் அந்தப் படலம் கெட்டியாகிறது. பிறகு அதே ஒலியை எழுப்ப அதிக மூச்சழுத்தம் தேவைப்படுகிறது. நாம் முக்கிப் பேசுகிறோம், நாண்கள் வீங்குகின்றன, குரல் கம்முகிறது.

நாம் குடிக்கும் தண்ணீரோ குரல் நாண்களைத் தொடுவதே இல்லை! அது உணவுக்குழல் வழியே வயிற்றுக்குப் போய், குடலில் உறிஞ்சப்பட்டு, இரத்தத்தில் கலந்த பிறகே அவற்றுக்கு ஈரம் தருகிறது. நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவும் வேண்டுமோ? ஜேடர்பாளையம் படுகை அணையில் இராஜவாய்க்காலுக்குத் தண்ணீர் திறந்தால், அந்த நிமிடமே கடைமடை வெற்றிலைக் கொடிக்கால் நனைந்துவிடுமா? அல்லாள இளைய நாயக்கர் அன்று வெட்டிய வாய்க்கால் இன்றும் வயல்களைக் காப்பது, அதில் முறையாகத் தண்ணீர் ஓடுவதனால்தான். குரலும் கடைமடைப் பயிர் போன்றதே. மேடையேறும்போது குடிக்கும் ஒரு டம்ளர் வாயின் வறட்சியைப் போக்கும். காலை முதல் சிறிது சிறிதாகக் குடித்ததே குரலைக் காக்கும்.

இதெல்லாம் தெரிந்தும் நாம் ஏன் குடிப்பதில்லை? என் அம்மிச்சி மாலையில் என் பையைத் திறந்து பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, கொண்டுபோன தண்ணி அப்பிடியே இருக்குது?" என்று கேட்பார். மறந்துவிட்டேன் என்று பொய் சொல்வேன். உண்மை என்னவென்றால், குடித்தால் வெளியே போகவேண்டும். போகவேண்டுமானால் வகுப்பில் எழுந்து நின்று கேட்கவேண்டும். கேட்டாலும் அங்கே கதவுக்குத் தாழ் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்று கவலைப்படவேண்டும். மாதத்தில் சில நாட்களில் இந்தக் கவலை இரட்டிப்பு. காவிரிக் கரையில் பிறந்தும் வறண்ட தொண்டையோடு உட்கார்ந்திருக்கும் பெண்கள் எத்தனை பேர்! இது சோம்பலும் அல்ல, மறதியும் அல்ல. சொல்ல வெட்கப்படும் ஓர் அச்சம். குரல் மட்டுமா கெடுகிறது? தண்ணீரைக் குறைத்து சிறுநீரையும் அடக்கிவைத்தால் சிறுநீர்த் தொற்று வருகிறது. பெண்களுக்கு அது எளிதில் வரும்.

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்குக் குடிநீரும், பெண்களுக்குத் தனிக் கழிவறையும் வேண்டும் என்கிறது. 2012-இல் உச்சநீதிமன்றமும் அவ்வாறே ஆணையிட்டது. 2019-இல் கேரளப் பள்ளிகளில் தண்ணீர் குடிப்பதற்கென்றே ஒரு மணி அடிக்கத் தொடங்கினார்கள். 2025-இல் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கும் அந்த ஏற்பாடு வந்தது. மிக நல்ல ஏற்பாடு. ஆனால் மணி ஒன்று மட்டும் போதாது என்பது என் கருத்து. தண்ணீர் மணி அடிக்கும் பள்ளியில், கழிவறைக் கதவுக்குத் தாழும், குழாயில் நீரும், கேட்டவுடன் அனுமதியும் இருக்கவேண்டும். இல்லையேல் மாணவி புட்டியை உதட்டில் வைத்துவிட்டு மூடிவிடுவாள்.

அடிக்கடி வெளியே அனுப்பினால் பாடம் கெடாதா என்று சிலர் கேட்பர். அடிவயிறு கனக்க, தலை வலிக்க உட்கார்ந்திருப்பவளுக்குப் பாடம் ஏறுகிறதா என்று நான் திருப்பிக் கேட்கிறேன்.

நம் ஆசிரியைகளையும் நினைத்துப் பாருங்கள். நாள் முழுவதும் பேசியே பணிசெய்யும் அவர்களுக்குக் குரல் கோளாறு மற்றவர்களைவிட அதிகம். நாம் போடும் கூச்சலுக்கு மேலாக அவர்கள் பேசவேண்டியிருக்கிறது. நாம் அமைதியாக இருந்தால் அதுவே அவர்கள் குரலுக்கு மருந்து. அவர்கள் பாடத்தின் நடுவில் ஒரு வாய் தண்ணீர் குடித்தால், நமக்கும் கூச்சம் நீங்கும்.

எவ்வளவு குடிப்பது? வெயிலுக்கும் விளையாட்டுக்கும் ஏற்ப அளவு மாறும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதும். அடர் மஞ்சளானால் இன்னும் குடிக்கவேண்டும் என்று பொருள். தொண்டையை அடிக்கடி செருமுவதும் கத்துவதும் ஆகாது. தண்ணீரே எல்லா நோய்க்கும் மருந்தாகிவிடாது. மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தால் மருத்துவரிடம் போவதே முறை.

பிப்ரவரி 3 அன்று புனித பிளாசியு திருநாளில், இரு மெழுகுதிரிகளைக் கழுத்தருகே வைத்து நம் தொண்டைக்கு ஆசி வழங்குகிறார்கள். ஏப்ரல் 16 உலகக் குரல் தினம். ஆசி ஆண்டுக்கொரு முறை போதும். தண்ணீர் அன்றாடம் வேண்டும்.

ஆகவே பெற்றோரே, மாலையில் புட்டி நிறைந்து திரும்பினால் கடிந்துகொள்ளாதீர்கள், காரணம் கேளுங்கள். அருட்சகோதரியரே, ஆசிரியைகளே, நாங்கள் வெட்கப்பட்டுச் சொல்லாததையும் கேட்டறியுங்கள். தோழியரே, நாமும் வாய் திறந்து சொல்வோம். குரல் இருக்கும்போதே அல்லவா சொல்ல முடியும்!

— பிளஸ் டூ மாணவி ஒருத்தி