சுடர் ஆடும், மின்குமிழ் மினுங்கும்: வித்தியாசம் எங்கே?

2004 சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை. திருக்கோவில் பிரதேசத்து வினாயகபுரமும் அந்தக் கரையில்தான் இருக்கிறது. டிசம்பர் 26 வாடைக்காற்றுக் காலம். கடலோரத்தில் அஞ்சலிக்கு மெழுகுவர்த்தி ஏற்றினால் ஒரு கை சுடரை மறைக்க வேண்டும், மற்றக் கை தீப்பெட்டியோடு காத்திருக்க வேண்டும். பற்றரியில் எரியும் மின் மெழுகுவர்த்தி இருக்கிறதே என்றால், 'அது பொய் வெளிச்சம், பார்த்தவுடன் தெரிந்துவிடும்' என்கிறார்கள். சரிதான். ஆனால், பார்த்தவுடன் தெரிவது ஏன்? பிளாஸ்ரிக் உடம்பையும் சூடில்லாமையையும் குற்றம் சொல்வதற்கு முன், உண்மைச் சுடர் என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

சூடான வாயு இலேசாகி மேலே எழுகிறது. அந்த இடத்துக்குக் குளிர்ந்த காற்று அடியிலிருந்து வருகிறது. இரண்டும் உரசும் எல்லையில் சிறு சுழிகள் பிறந்து மேலேறுகின்றன. ஒவ்வொரு சுழியும் சுடரின் இடுப்பை நெரித்து, நுனியை நீட்டிவிட்டுப் போகிறது. இதற்கெல்லாம் அடிப்படை புவியீர்ப்புத்தான். 1992இல் நாசா விண்ணோடத்தில் மெழுகுவர்த்தி ஏற்றிப் பார்த்தபோது, சுடர் உருண்டையாகி நீல நிறத்தில் ஆடாமல் நின்றது.

இந்தத் துடிப்புக்கு ஒரு கணக்கும் உண்டு. ஒரு மீற்றர் அகலமான தீ விநாடிக்கு ஏறத்தாழ ஒன்றரை தடவை துடிக்கும். இரண்டு சென்ரிமீற்றர் அகலமான தீ பத்துத் தடவை துடிக்கும். தீ பெரிதானால் ஆட்டம் மெதுவாகும். தீவட்டிக்கும் மெழுகுவர்த்திக்கும் ஒரே வேக மினுக்கத்தைக் கொடுத்தால் இரண்டில் ஒன்று பொய்யாகவே தெரியும். ஆனால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காற்றில்லாத அறையில் தனியாக எரியும் மெழுகுவர்த்தி அநேகமாக ஆடுவதே இல்லை. காற்று பட்டால் சட்டென்று குனிந்து மங்கும், உடனே நிமிர்ந்து பழைய பிரகாசத்துக்கு வந்துவிடும். அதன் ஆயுளில் பெரும்பகுதி அமைதி. சரிவுகள் இடையிடையே வந்து போகும்.

மலிவான மின் மெழுகுவர்த்தியின் எல்.ஈ.டி. குமிழுக்குள் அல்லது அதன் பக்கத்தில் ஒரு சிறு சிப் இருக்கும். எதேச்சை எண்களைப் போன்ற ஒரு வரிசையை அது உருவாக்கி, விநாடிக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை பிரகாசத்தை மாற்றும். நன்றாகச் செய்யப்பட்ட சிப் பெரும்பாலும் முழுப் பிரகாசத்திலேயே நின்று, அவ்வப்போது மட்டும் சரியும். மட்டமானது ஓயாமல் துடிக்கும். பழுதான மின்குமிழின் நினைவு நமக்கு அப்போதுதான் வருகிறது.

ஆனால் எவ்வளவு நல்ல சிப்பாக இருந்தாலும் ஒளியின் அளவைத்தான் அதனால் மாற்ற முடியும், இடத்தை மாற்ற முடியாது. உண்மைச் சுடரில் ஒளி பிறக்கும் இடமே நகர்கிறது. அதனால்தான் சுவரில் நிழலும் அசைகிறது. இந்தக் குறையை டிஸ்னி நிறுவனத்தின் பொறியியலாளர்கள் வேறு வழியில் தீர்த்தார்கள். சுடர் வடிவில் வெட்டிய மெல்லிய பிளாஸ்ரிக் இதழை நுண்கம்பியில் தொங்கவிட்டு, அதன் அடியில் ஒரு சிறு காந்தத்தை வைத்தார்கள். அதற்குக் கீழே இருக்கும் மின்சுருள் காந்தத்தை விட்டுவிட்டு உதைக்கிறது. இதழ் ஊசலாட, அதன்மேல் எல்.ஈ.டி. ஒளி பாய்கிறது. லூமினாரா என்ற பெயரில் விற்பனைக்கு வந்த மெழுகுவர்த்திகள் இந்த முறையில் ஆனவை.

நிறமும் முக்கியம். மெழுகுவர்த்தி ஒளியின் நிற வெப்பநிலை சுமார் 1900 கெல்வின். கடையில் 'வோர்ம் வைற்' என்று விற்கும் எல்.ஈ.டி. பெரும்பாலும் 2700 கெல்வின். அந்த வெண்மையே நம்மை உஷார்ப்படுத்திவிடும்.

எனவே எதை வாங்குவது, எதைச் செய்வது என்ற கேள்விக்கு விடை, பார்ப்பவர் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்பதில்தான் இருக்கிறது. தூரம் கூடக் கூடச் சுடரின் வடிவம் கண்ணுக்கு அவ்வளவாகப் பிடிபடாது, பிரகாச மாற்றமே தெரியும். கடற்கரையில் வரிசையாக வைக்க மஞ்சள் நிற எல்.ஈ.டி. போதும். உப்புக்காற்று பற்றரித் தகடுகளை அரிக்கும் என்பதால் உறை இறுக்கமாக மூடியிருக்க வேண்டும். ஒரே சுவிட்சில் பலவற்றை ஏற்றுவதானால் எல்லாம் ஒரே தாளத்தில் துடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மேசைமேல், கைக்கெட்டும் தூரத்தில் வைப்பதற்கே அசையும் இதழ் தேவை. ஆனால் அது காற்றடிக்கும் வெளிக்கு ஒத்துவராது.

தீ விபத்துப் பயம் இல்லை என்பது இவற்றின் பெரிய நன்மை. 2022இல் 13 மணி நேரம்வரை மின்வெட்டு வந்த நாட்டில் அதன் பெறுமதியைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் சிறிய வகைகளில் இருக்கும் பொத்தான் பற்றரி குழந்தைகளுக்கு ஆபத்தானது. விழுங்கிய பற்றரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடும் புண்ணை உண்டாக்கும். வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். வாங்கும்போது பற்றரி மூடி திருகாணி போட்டு இறுக்கியதா என்று பாருங்கள். சுடர் எவ்வளவு தத்ரூபமாக ஆடினாலும், பிள்ளையின் விரலுக்குத் திறக்கும் மூடியுள்ளதை வாங்காதீர்கள்.