பத்தாண்டுப் பயிரும் பதினைந்து சென்டும்

நெசவாளரும் விவசாயிகளும் படிக்கும் இந்தப் பத்திரிகையில் கிறிஸ்துமஸ் மரத்தைப் பற்றி எழுதுவானேன் என்று அங்கத்தினர்கள் சிலர் கேட்கக்கூடும். நம் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவும் மார்கழியில் ஒரு சவுக்குக் கிளையை வெட்டி வந்து நிறுத்தி, நட்சத்திரம் கட்டிப் பண்டிகையை நிறைவாகவே கொண்டாடிவிடுகின்றன. அமெரிக்காவிலோ இந்தப் பண்டிகைக்கென்றே மரம் பயிரிட்டு வாழும் விவசாயக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவர்களுடைய பயிரின் வரவுசெலவைப் படித்தபொழுது, சங்கங்களின் பேரேடுகளைப் புரட்டியே காலங்கழிக்கும் எனக்கு அது அந்நிய தேசத்துச் சமாசாரமாகத் தோன்றவில்லை.

அந்நாட்டில் இம்மரங்களை மிகுதியாக விளைவிப்பது மேற்குக் கரையிலுள்ள ஆரிகன் மாநிலம். அதற்கடுத்தது வட கரோலினா. வட கரோலினாவின் மலைப்பகுதியில் ‘பிரேசர் பிர்’ என்னும் ஊசியிலை மரமே பெரும்பான்மை. இலையின் அடிப்புறம் வெள்ளி பூசியதுபோல் இருக்கும். வெட்டிய பின்னும், தண்ணீர் காட்டி வந்தால், பல வாரங்கள் இலை உதிராது. விதையிலிருந்து கணக்கிட்டால், ஆறேழு அடி மரமொன்று விற்பனைக்கு வர ஏறத்தாழ 12 ஆண்டுகள் செல்லும். முதல் நாலைந்து ஆண்டுகள் நாற்றங்காலில் கழியும், எஞ்சியவை தோட்டத்தில். நட்டுவிட்டுச் சும்மா இருந்தால் காட்டுமரந்தான் கிடைக்கும். படங்களில் நாம் காணும் அந்தக் கூம்பு வடிவம் இயற்கை தந்ததன்று. ஆண்டுதோறும் கோடையில் நீண்ட கத்தியை வீசிப் பக்கக் கிளைகளின் நுனியைக் கழித்து, தலைக்குருத்தை ஏறக்குறைய ஓரடி விட்டு நறுக்கி, மனிதன் செய்த வடிவம் அது. களையெடுக்கவேண்டும், பூச்சியைக் கவனிக்கவேண்டும். நீர் தேங்கும் நிலமானால் வேரழுகல் வரும். அந்நோயின் கிருமி ஒருமுறை மண்ணில் புகுந்துவிட்டால் அகற்ற வழியில்லை. அதைத் தாங்கும் வேறு இனத்தின் வேரில் ஒட்டுக்கட்டி நடுகிறவர்களும் உண்டு, அதற்குச் செலவு அதிகம்.

இவ்வளவும் செய்த பிறகு வானம் பார்த்துக்கொள்ளவேண்டும். 2021 ஜூன் மாதக் கடைசியில் ஆரிகனின் தலைநகரான சேலத்தில் (நம் சேலம் அன்று) வெப்பம் 117 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டது. அவ்வாண்டு நட்ட இளங்கன்றுகள் பல தோட்டங்களில் கருகிப் போயின. வளர்ந்த மரங்களிலும் வெயில்பட்ட பக்கம் செந்நிறமாய்த் தீய்ந்தது. ஒரு கன்று செத்தால் அவ்வாண்டு நஷ்டம் கண்ணுக்குத் தெரியாது. எட்டு ஆண்டு கழித்தே அது விற்பனைக் கணக்கில் வந்து நிற்கும்.

சிறிய தோட்டக்காரர்களில் பலர் மரத்தை வெட்டி மண்டிக்கு அனுப்புவதில்லை. நவம்பர்க் கடைசியில் வரும் நன்றி கூறும் பண்டிகை முடிந்ததும் குடும்பங்கள் குழந்தைகளோடு தோட்டத்துக்கே வருகின்றன. விவசாயி ஒரு கைரம்பத்தைக் கொடுத்து உள்ளே அனுப்புகிறான். தேர்வதிலும் ஒரு பக்குவம் உண்டு. திறந்த வெளியில் மரம் குட்டையாகத் தோன்றும். வீட்டுக்குக் கொண்டுபோனால்தான் தலை முகட்டை இடிப்பது தெரியும். ஆகவே கூடத்தின் உயரத்தை முன்கூட்டியே அளந்து, தாங்கிக்கும் நட்சத்திரத்துக்கும் ஓரடியாவது கழித்துக்கொண்டு, அளவு நாடாவோடு வருகிறவனே விவரமறிந்தவன். கனமான பொம்மைகளைத் தொங்கவிட விரும்புவோருக்கு விறைப்பான கிளையுடைய நோபிள் பிர் ஏற்றது. டக்ளஸ் பிர் மரத்தின் கிளைகள் மென்மையானவை. நீல ஸ்புரூஸ் பார்வைக்கு அழகு, ஆனால் இலை குத்தும், தவழும் குழந்தையுள்ள வீட்டுக்கு ஆகாது. அடிமரம் நேராக இருக்கவேண்டும். நுனிக்கிளையை விரலிடுக்கில் பிடித்து இழுத்தால் பச்சை இலை கையோடு வரலாகாது. உட்புறத்தில் பழுத்த இலை உதிர்வது குற்றமன்று. வெட்டிய மரத்தை இயந்திரத்தில் உலுக்கி, வலையில் சுற்றிக் காரின் மேல் ஏற்றி விடுவார்கள். நேரம் கழித்து வீடு சேர்ந்தால் அடியை மறுபடி ஓர் அங்குலம் அறுத்து நீரில் நிறுத்தவேண்டும். வெட்டுவாயில் பிசின் அடைத்துக்கொண்டால் மரம் நீர் குடிக்காது.

வேடிக்கை விற்பனைபோல் தோன்றும் இம்முறையை நான் மெச்சக் காரணம் வேறு. நவம்பரிலேயே வெட்டி லாரியேற்றி நகரத்துக்கு அனுப்பிய மரம், டிசம்பர் 26-ந் தேதி காசுக்கு ஆகாது. ஆகவே விற்பவன் கடைசி வாரத்தில் கேட்ட விலைக்குத் தள்ளவேண்டும். தரகனுக்கும் அது தெரியும். வேரோடு நிற்கும் மரத்துக்கு அந்த அவசரமில்லை. இவ்வாண்டு போகாவிட்டால் அடுத்த ஆண்டு ஓரடி உயர்ந்து, சற்றுக் கூடுதல் விலையோடு நிற்கும். இதற்கும் எல்லை உண்டு: பத்தடியைத் தாண்டிய மரம் சாதாரண வீட்டுக்குள் நுழையாது. இரண்டு மூன்று ஆண்டுகள் தாக்குப்பிடிக்கலாம், அவ்வளவுதான்.

இனி இப்பயிரின் பெரிய நோய்க்கு வருவோம். அது வேரழுகல் அன்று. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நல்ல விலை கண்டு ஆரிகன் விவசாயிகள் அளவுக்கு மீறி நட்டார்கள். அவை விளைந்து வந்தபொழுது சந்தை கொள்ளவில்லை, விலை சரிந்தது. 2008-ல் தேசமெங்கும் பொருளாதார நெருக்கடி சூழ்ந்தது. பலர் தொழிலை விட்டார்கள். எஞ்சியவர்கள் கன்று நடுவதைக் குறைத்தார்கள். அவ்வாறு நடாத மரங்களே 2016, 2017-ல் பற்றாக்குறையாய் வந்து சேர்ந்தன; விலை ஏறியது. ஏறிய விலையைப் பார்த்தவன் மறுபடி என்ன செய்வான் என்பதைச் சவுக்குப் பயிரிட்ட நம் அங்கத்தினர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. சவுக்குக்காரன் சில ஆண்டுகளில் தன் தவற்றைக் கண்டுகொள்கிறான். இவனோ எட்டு ஆண்டு காத்திருந்து காண்கிறான்.

இவர்கள் ஒன்றுகூடிச் செய்த காரியம் ஒன்று உண்டு. பிளாஸ்டிக் மரத்தின் போட்டியைச் சமாளிக்க, மரத்துக்கு 15 சென்ட் வீதம் தங்களிடமே வசூலித்து, விளம்பரத்துக்கும் ஆராய்ச்சிக்கும் செலவிடும் திட்டத்தை வேளாண்மைத் துறையிடம் கேட்டு வாங்கினார்கள். 2011 நவம்பரில் அது வெளியானதும், ‘கிறிஸ்துமஸ் மரத்துக்கு வரி’ என்று ஒரே கூச்சல். சர்க்கார் பின்வாங்கியது. 2014-ல் வந்த வேளாண்மைச் சட்டத்தின் மூலமே அது மீண்டும் உயிர் பெற்றது. ஆண்டுக்கு 500 மரத்துக்கு மேல் விற்பவர்களுக்கே வசூல் உண்டு. 2018-ல் வாக்கெடுத்தபொழுது பாதிக்குச் சற்றே மேற்பட்டவர்களின் ஆதரவால் திட்டம் பிழைத்தது.

கூச்சலிட்டவர்களை நான் ஏளனம் செய்யமாட்டேன். ஒரு நெசவாளர் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில், கூலியில் சேமிப்புக்குப் பிடிக்கும் தொகையைப் பற்றி முதியவர் ஒருவர் எழுந்து, “என் காசை என்னிடம் கேட்காமல் பிடித்து, எனக்கே உபகாரம் என்கிறீர்களே, ஐயா” என்றார். அவருக்குப் பதில் சொல்ல விதிகளை எடுத்து வாசித்தேன். அவர் முகத்தில் தெளிவு வரவில்லை. அவருடைய பாஸ்புத்தகத்தை வரவழைத்து, வரிசையாகத் தொகையைப் படித்துக் கூட்டிக் காட்டிய பிறகே உட்கார்ந்தார். பதினைந்து சென்டு கொடுப்பவனுக்கு அத்தகைய பாஸ்புத்தகம் கிடையாது. கொடுத்தது விளம்பரமாய்ப் போய்விடுகிறது. அதனால் தன் தோட்டத்தில் ஒரு மரமாவது கூடுதலாக விற்றதா என்று அவன் அறிய வழியில்லை.

வசூல் கூடாது என்பதன்று என் அபிப்பிராயம். அது செல்லும் வழி போதாது என்பதே. விளம்பரம் தேவையைக் கூட்டலாம். தேவை கூடினால் விலை ஏறும். விலை ஏறினால் எல்லோரும் நடுவார்கள். அதே பணத்தில் ஒரு பங்கைச் செலவிட்டு, இவ்வாண்டு எந்தப் பகுதியில் எத்தனை கன்று நடப்பட்டது என்ற கணக்கைத் திரட்டி ஒவ்வொரு தோட்டக்காரனுக்கும் அனுப்பினால், அவன் எட்டாம் ஆண்டுச் சந்தையை இன்றே ஓரளவு கண்டுகொள்வான். நடுவதைக் குறைக்க ஒப்பந்தம் செய்யச் சொல்லவில்லை. அது அந்நாட்டுச் சட்டத்தில் சிக்கலுக்கு இடம் தரும். 500 மரத்துக்கு உட்பட்ட சிறியவனையும் அந்தக் கணக்கில் சேர்க்கவேண்டும். அவனுக்கு வசூலில் விலக்குக் கொடுத்தது நியாயமே. ஆனால் பணம் கொடாதவன் கேள்வி கேட்கவும் தயங்குவான் என்பது நாம் சங்கங்களில் கண்டது.

ஐந்தடிக்கு ஐந்தடி நட்டால் ஏக்கருக்கு 1,742 குழி. வண்டிப்பாதையும் சாவும் போக, எட்டு ஆண்டுக்குப் பங்கிட்டால் ஆண்டுக்கு ஏறக்குறைய 200 மரம் வெட்டி, 200 கன்று நடலாம். விலை விழுந்த ஆண்டிலும் 200, ஏறிய ஆண்டிலும் 200 என்று நிற்பவனுக்குப் பஞ்சமும் இல்லை, பெருக்கமும் இல்லை. சொல்வது எளிது. 2008-ல் நடாதவர்களில் பலர் அறிவில்லாமல் நடாதிருக்கவில்லை. பலன் எட்டு ஆண்டுக்கு அப்பால் என்றால் நெருக்கடிக் காலத்தில் கைப்பணத்தை மண்ணில் புதைக்கத் துணிவு வராது. நம் பயிர்க்கடன் போல அறுவடையில் அடைக்கும் ஓராண்டுக் கடன் அவனுக்கு உதவாது. கன்றுக்கென்று, முதல் மரம் விற்கும்வரை அசல் கேட்காத கடனொன்றை அத்தோட்டக்காரர்களே கூடி ஒரு தனி நிதியிலிருந்து வழங்கவேண்டும். அந்நிதிக்கு மரத்துக்கு ஒரு சென்ட் கூடுதலாகப் பிடிப்பதானால், அதை ஒவ்வொருவர் பாஸ்புத்தகத்திலும் வரவு வைக்கவேண்டும்.