நீலக் கிண்ணமும் ஆற்றங்கரைத் தாழியும்

சாரல் சமயத்தில் குற்றாலம் போகிறவர்கள் அருவியில் குளித்துவிட்டு ஊர் திரும்பிவிடுவார்கள். எனக்கோ பக்கத்தில் இலத்தூரில் அத்தை வீடு இருக்கிறது. இந்தத் தடவை போனபோது அத்தை பரணைக் காலி செய்துகொண்டிருந்தாள். வாசலில் பழைய சாமான்காரன். அவன் கையில் நீலப்பூப் போட்ட பீங்கான் ஊறுகாய் ஜாடி.

"கீறல் விட்டுட்டு. இதை வச்சு என்ன செய்யப் போறேன்?" என்றாள் அத்தை.

சகோதரிகளே, ஜாடியில் பூ எதற்கு என்று என்றைக்காவது யோசித்ததுண்டா? பூ இல்லாவிட்டால் ஊறுகாய் கெட்டுவிடுமா என்ன?

ஏறக்குறைய 3,400 ஆண்டுகளுக்கு முன் எகிப்தியர்கள் நீலநிறக் கிண்ணங்கள் செய்தார்கள். பார்த்தால் பீங்கான் மாதிரி இருக்கும். பீங்கான் அல்ல, களிமண்ணும் அல்ல. வெண்கல் மணலைப் பொடித்து, கொஞ்சம் சுண்ணாம்பும் சோடா உப்பும் செம்புத் தூளும் சேர்த்துப் பிசைவார்கள். காயும்போது, பழைய சுவரில் உவர் பூக்கிறதே, அதுபோல உப்பு மேலே பூத்து வரும். சூளையில் வைத்தால் அந்த உப்பே கண்ணாடியாக உருகிப் பளபளக்கும். நீலம் செம்பு தருவது.

உள்ளே கறுப்புக் கோட்டில் ஒரு குளம், அல்லிப் பூ, மீன். அந்த மீன், நம் குளங்களில் கிடைக்கும் ஜிலேபிக் கெண்டைக்கு நெருங்கிய உறவு. தாய் மீன் குஞ்சுகளை வாய்க்குள் வைத்துக் காப்பாற்றி, பிறகு வெளியே விடும். மாலையில் கூம்பிக் காலையில் மலரும் அல்லியும் அப்படித்தான். இரண்டும் மறுபிறப்பின் அடையாளம் என்று எண்ணி, இறந்தவர்களோடு அந்தக் கிண்ணங்களை வைத்தார்கள்.

எகிப்து எங்கே, இலத்தூர் எங்கே என்கிறீர்களா? குற்றாலத்து அருவி நீர் சிற்றாறாக ஓடிச் சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. அந்த ஆற்றோடு கீழே போனால் ஆதிச்சநல்லூர். அங்கே நம் முன்னோர் இறந்தவர்களைப் பெரிய தாழிகளில் வைத்துப் புதைத்தார்கள். கூடவே பானை, கிண்ணம், தானியம், தங்க நெற்றிப்பட்டம். 1876-ல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டியெடுத்தவை பெர்லினுக்குப் போயின. 1899 முதல் அலெக்ஸாண்டர் ரீ தோண்டியெடுத்தவை சென்னை எழும்பூர் மியூசியத்துக்கு வந்தன.

2004-ல் சத்தியமூர்த்தி தலைமையில் தொல்லியல் துறையினர் மறுபடி தோண்டினார்கள். 160-க்கும் மேற்பட்ட தாழிகள் கிடைத்தன. அவற்றோடு ஓர் ஓட்டுத் துண்டு. அதில் களிமண்ணை ஒட்டி அமைத்த ஒரு பெண், ஒரு கொக்கு, ஒரு மான், ஒரு முதலை. ஆற்றங்கரையில் அன்றாடம் கண்ட காட்சிதானே! நைல் கரையில் நீலத்தில் எழுதியதை, நம்மவர் வெறும் மண்ணில் ஒட்டினார்கள். போகிறவருக்கு உயிருள்ள ஒன்றைக் கூட அனுப்ப வேண்டும் என்ற மனசு இரண்டு கரையிலும் இருந்திருக்கிறது.

2023-ல் அங்கேயே, குழிகளின் மேல் கண்ணாடி பதித்து மியூசியம் திறந்திருக்கிறார்கள். அடுத்த சாரலுக்கு வரும்போது ஒரு நாள் கூடுதலாக ஒதுக்குங்கள்.

அத்தையிடம் இதையெல்லாம் சொன்னேன். சற்றுநேரம் பேசவில்லை. "எங்க அம்மை சீரோட அனுப்பினது" என்றாள் மெல்ல. சாமான்காரன் வெறுங்கையோடு போனான். ஜாடியில் இப்போது கல் உப்பு இருக்கிறது.