அளவறிந்த விருந்து

விருந்தினருக்குக் குறைவு வந்துவிடலாகாது என்ற அச்சம் எம்மவர் உள்ளத்தில் ஊறியது. சோற்றிலும் கறியிலும் அவ்வச்சம் பெருங்கேடு செய்வதில்லை; மிஞ்சியது அயல்வீடுகளுக்குப் போகும். ஆனால், கொழும்பு விருந்துகள் சிலவற்றிலே இன்று இடம்பெறும் சீஸ் எனும் பாலாடைக்கட்டிக்கு அக்கணக்குப் பொருந்துமா?

அதனை நெடுங்காலமாக உண்டு பழகிய பிரெஞ்சுக்காரர், பிரதான உணவு முடிந்து இனிப்பு வருமுன் அதனைப் பரிமாறுவர். வயிறு அதற்குள் நிறைந்திருக்குமாதலால், ஒருவருக்கு ஏறத்தாழ 50 கிராம் போதும். 20 பேருக்கு ஒரு கிலோ. வேறு உணவின்றி அதுவே விருந்தாயின், அளவை மும்மடங்காக்கலாம். வகைகளும் பல வேண்டா. இறுகியது ஒன்று, மென்மையானது ஒன்று, நீலப் பூசணம் படர்ந்தது ஒன்று என மூன்றே அமையும்.

இதனைக் கஞ்சத்தனம் என்பார் ஒன்றை எண்ணுவாராக. இறுகிய சீஸ் ஒரு கிலோ செய்வதற்கு ஏறக்குறைய 10 லீற்றர் பால் வேண்டும். மேசையிலே காய்ந்து குப்பைக்குப் போகும் அரைக் கிலோ, 5 லீற்றர் பாலன்றோ! 2022ஆம் ஆண்டிலே பால்மாப் பொதியொன்றுக்காக வரிசையில் நின்ற நாடு இது. அதனை நாம் இத்துணை விரைவில் மறக்கலாமா?

வருபவர் தொகையை எண்ணி, அவர்தம் பசியையும் அறிந்து, அளவோடு இட்டு, மனநிறைவோடு வழியனுப்புவதே விருந்தோம்பல் என்பது எமது துணிபு.