மலிவான வரைபலகை போதுமா?

மாணவர்களே, சி ரூசாவிலோ சுற்றியுள்ள தோட்டங்களிலோ வசிக்கும் உங்களில் ஒருவருக்குக் கணினியில் ஓவியம் வரைய ஆசை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இணையக் கடையில் சாதாரண வரைபலகை ஏறக்குறைய 150 ரிங்கிட். திரையுடன் கூடிய உயர்தர வரைபலகை 2,000 ரிங்கிட்டையும் தாண்டும். நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளமே 1,700 ரிங்கிட்தான். அப்படியானால் ஆசையை விட்டுவிட வேண்டுமா? வேண்டாம். தொடங்குவதற்கு மலிவான பலகையே போதும் என்பது என் கருத்து.

காரணத்தைப் பாருங்கள். பலகையின் அடியில் மெல்லிய கம்பிகள் வலைபோல ஓடுகின்றன. அவை எழுப்பும் மின்காந்த அலையைப் பேனாவுக்குள் இருக்கும் கம்பிச்சுருள் வாங்கித் திருப்பி அனுப்புகிறது. பேனாவுக்கு பேட்டரி தேவையில்லை. 1831இல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இது. நீங்கள் அழுத்தும்போது பேனாவின் ஒத்ததிர்வு அதிர்வெண் சற்று மாறுகிறது, கோடு தடிக்கிறது. இன்று மலிவான பலகைகள் பலவும் இதே முறையில்தான் இயங்குகின்றன.

"8,192 அழுத்த நிலைகள்" என்ற விளம்பரத்தைக் கண்டு மயங்காதீர்கள். சாதாரணப் படக் கோப்பில் ஒரு நிறத்துக்கு 256 படிகளே உண்டு. 8,192ஐ 256ஆல் வகுத்தால் 32. அதாவது, 32 அழுத்த நிலைகள் சேர்ந்தாலும் நிறம் ஒரு படிதான் மாறும். அந்த நுணுக்கம் கண்ணுக்கே தெரியாது.

பிரிட்டிஷ் ஓவியர் டேவிட் ஹாக்னி 2009இல், எழுபது வயதைக் கடந்த நிலையில், ஐபோனில் விரலால் பூக்களை வரைந்து நண்பர்களுக்கு அனுப்பினார். அழுத்தத்தை உணரவே உணராத சிறு திரை அது!

மலிவான பலகையில் குறையே இல்லை என்று சொல்லவில்லை. மெதுவாகச் சாய்கோடு போட்டால் சிலவற்றில் கோடு நெளியும். மென்மையாகத் தொட்டால் சில பேனாக்கள் உணராது. கை மேசையிலும் கண் திரையிலும் இருப்பது முதலில் தடுமாற வைக்கும். மவுஸைப் போலவே அதுவும் பழகிவிடும். நாள் முழுவதும் வரைந்து சம்பாதிப்பவருக்கு விலை உயர்ந்த பலகை அவசியமாகலாம். உங்களுக்கு இப்போது அவசியமில்லை.

வாங்குமுன் மூன்றைக் கவனியுங்கள்: பேனா பேட்டரி இல்லாததா? உங்கள் கணினியிலோ கைப்பேசியிலோ பலகை இயங்குமா? முடிந்தால் அளவுகோல் வைத்து ஒரு சாய்கோடு போட்டுப் பாருங்கள், நெளிகிறதா? வரைவதற்கு கிரிட்டா என்ற இலவச மென்பொருள் உண்டு.

பிறகு தினமும் வரையுங்கள். வீட்டெதிரே நிற்கும் செம்பனை மரத்தையோ சி ரூசா கடற்கரையையோ நூறு முறை வரைந்த பின், பலகை எந்த இடத்தில் உங்களைத் தடுக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அதிக விலை கொடுப்பதைப் பற்றி அன்றைக்கு யோசித்தால் போதும்.