வெறுங்கால் வழியே வரும் புழு

பசறை, ஹாலிஎல, தெமோதரைப் பக்கத் தோட்டங்களில் மழைக்காலம் வந்தால் கொழுந்து மலையிலிருந்து திரும்பும் பெண்கள் கால் விரல் இடுக்கைச் சொறிவதைக் காணலாம். சேற்றுப் புண் என்று மஞ்சளை அரைத்துப் பூசிவிட்டு மறந்து விடுகிறோம். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் சில வேளை அந்த அரிப்பு, கொழுக்கிப் புழுவின் குஞ்சு தோலைத் துளைத்து உள்ளே போன அடையாளமாகவும் இருக்கும்.

நோயுள்ளவரின் மலத்தோடு முட்டைகள் மண்ணில் விழுகின்றன. நிழலும் ஈரமும் இளஞ்சூடும் இருந்தால் ஓரிரு நாளில் பொரித்து விடும். ஹப்புத்தளைக் குளிரில் இந்த வளர்ச்சி தாமதிக்கும். பதுளையின் தாழ்ந்த பகுதிகளோ அதற்குத் தோதான இடம். குஞ்சு இரண்டு முறை சட்டை கழற்றி, ஐந்து முதல் பத்து நாளில் தொற்றும் பருவத்தை அடைகிறது. இரண்டாவது சட்டையை எறிந்து விடாமல் போர்வை போல் மேலே வைத்துக்கொள்கிறது. அதன் பின் அது எதையும் தின்பதில்லை. உடம்பில் சேமித்த கொழுப்பைக் கொண்டே சில வாரங்கள் காத்துக் கிடக்கும். நீளம் ஏறக்குறைய அரை மில்லிமீற்றர். நம் கண்ணுக்குப் படாது. ஈரமான புல்லிலும் மண் கட்டியிலும் ஏறி நிற்கும். காலின் சூடு பட்டதும் சுறுசுறுப்படைந்து தோலுக்குள் நுழைந்து விடும்.

தோல் வழியாகப் புழு வரும் என்பதை முதலில் கண்டவர் கெய்ரோவில் பணியாற்றிய ஜெர்மன் அறிஞர் ஆர்தர் லூஸ். 1898 அளவில், புழுக் குஞ்சுகள் இருந்த நீர் தற்செயலாக அவர் கையில் சிந்தியது. எரிவும் சிவப்பும் உண்டாயின. சில வாரம் கழித்து அவருடைய மலத்திலேயே முட்டைகள் தென்பட்டன. இதே லூஸ்தான் 1911இல் இலங்கை மரநாயொன்றில் கிடைத்த வேறொரு கொழுக்கிப் புழுவுக்கு நம் நாட்டின் பெயரைச் சூட்டினார். அந்த இனம் நாய், பூனைகளிடமும் உண்டு, மனிதரையும் பற்றும். முற்றத்தில் நாய்கள் அசுத்தம் செய்யும் வீட்டார் இதைக் கவனிக்க வேண்டும்.

தோலுக்குள் போன குஞ்சு இரத்தத்தோடு இதயம் வழியாக நுரையீரலை அடைந்து, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலுக்கு வருகிறது. அங்கே குடற்சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தம் குடிக்கும். நம் நாட்டில் அதிகம் காணப்படும் இனத்தின் ஒரு புழு நாளொன்றுக்குக் குடிப்பது 0.03 மில்லிலீற்றர்தான். நூறு புழு இருந்தால் மாதம் 90 மில்லிலீற்றர்! பிள்ளை பெற்று, பாலூட்டி, மலையும் ஏறும் பெண்ணின் உடம்பு இதை எப்படித் தாங்கும்? முகம் வெளிறி, படியேற மூச்சு வாங்கி நிற்பவளைச் சோம்பேறி என்று ஏசுவது பெரிய அநியாயம்.

1916இல் ரொக்கஃபெலர் நிறுவனத்தார் மாத்தளைத் தோட்டங்களில் இதற்கு எதிரான இயக்கத்தை ஆரம்பித்தனர். மருந்து கொடுத்தால் புழு விழும். மலசலகூடம் இல்லாத லயத்தில் மறுபடியும் அதே மண், அதே கால். ஒருமுறை வந்தவருக்கு இனி வராது என்ற பாதுகாப்பு இந்நோயில் கிடையாது.

கர்ப்பிணிக்குப் பூச்சிக் குளிசை கொடுத்தால் பிள்ளைக்கு ஆகாது என்று தடுக்கும் மாமிமார் இன்றும் இருக்கிறார்கள். முதல் மூன்று மாதத்தைப் பொறுத்தவரை அவர்களின் பயம் நியாயமானதே. அப்போது கொடுக்கக் கூடாது. அதற்குப் பிறகு மெபென்டசோல் கொடுப்பதை நமது சுகாதார அமைச்சு 1994இலேயே சிபாரிசு செய்தது. களனிப் பல்கலைக்கழகத்தின் நிலாந்தி டி சில்வாவும் குழுவினரும் இங்குள்ள சுமார் 7,000 தாய்மாரை ஆராய்ந்து 1999இல் வெளியிட்ட முடிவு இது: குளிசை எடுத்தவர்களிடையே குழந்தை இறந்து பிறப்பதும் பிறந்த உடனே இறப்பதும் குறைவாகவே இருந்தன. ஆகவே மருமகளைக் கிளினிக்கிற்கு அனுப்புங்கள். எத்தனையாவது மாதம் என்பதை மிஸ்ஸிடம் ஒளிக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

பிள்ளைகள் மலசலகூடத்திற்குப் போகும்போதாவது செருப்புப் போடட்டும். கிளினிக்கில் தரும் இரும்புச் சத்துக் குளிசையைத் தேத்தண்ணீரோடு விழுங்க வேண்டாம். தேயிலைச் சாயம் அந்த இரும்பை உடம்பில் சேரவிடாது. வெறும் தண்ணீரோடு எடுத்து, ஓரிரு மணி நேரம் சென்ற பின் தேத்தண்ணீர் குடிக்கலாம்.