சுவருக்கு வண்ணம் உண்டு, குழந்தைக்கு?

ஹைதராபாதின் பாலாநகர், இயந்திரங்களின் ஓசையில் விழித்தெழும் தொழிற்பகுதி. ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தின் விமான மின்னணுக் கருவிப் பிரிவு அங்குதான் இருக்கிறது. ஐ.நா. வளர்ச்சித் திட்டம், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஆகியவற்றின் உதவியுடன் 1968-இல் தொடங்கப்பட்ட மத்தியக் கருவி வடிவமைப்பு நிறுவனமும் அங்குதான். இவற்றைச் சுற்றிலும் சிறு பட்டறைகள். அங்கு உருவாகும் எந்த உதிரிபாகமும் முதலில் ஒரு தாளில் கோடாகத்தான் பிறக்கிறது. வரையத் தெரிந்தவர்களை நம்பிப் பிழைக்கும் இப்படிப்பட்ட இடங்களில், தொழிலாளர்களின் பிள்ளைகள் படிக்கும் அரசுப் பள்ளிகளில் ஓவிய வகுப்புக்கு என்ன இடம் என்பதே கேள்வி.

அரசு பணம் செலவிடவில்லை என்று கூற முடியாது. 2022-இல் தெலங்கானா அரசு 'மன ஊரு - மன படி' என்கிற பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தை ரூ.7,289 கோடி மதிப்பீட்டில் அறிவித்தது. ஹைதராபாதில் அதற்கு 'மன பஸ்தி - மன படி' என்று பெயர். கழிப்பறை, குடிநீர், மின்வசதி, மேசை நாற்காலிகள், சுற்றுச்சுவர், சமையற்கூடம் என்று 12 பணிகள் அதில் பட்டியலிடப்பட்டன. பள்ளிக் கட்டடங்களுக்கு வண்ணம் பூசுவதும் அவற்றில் ஒன்று. அனைத்தும் தேவையானவையே. ஆனால், சுவருக்கு வண்ணம் ஒதுக்கிய அந்தப் பட்டியலில், குழந்தைகள் கையில் வண்ணத்தைக் கொடுத்து வரையச் சொல்லும் ஆசிரியர் இடம்பெறவில்லை.

இந்தக் குறைபாட்டின் வேர் ஹைதராபாதில் இல்லை, தில்லியில் இருக்கிறது. 2009-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, 6 முதல் 8-ஆம் வகுப்பு வரையிலான பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை நூறைத் தாண்டினால் மட்டுமே கலை, உடற்கல்வி, தொழிற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. முதல் ஐந்து வகுப்புகளுக்கு அந்த ஏற்பாடும் இல்லை. அதே சட்டத்தின் 29-ஆவது பிரிவோ, குழந்தையின் முழுமையான வளர்ச்சியையும், அச்சத்திலிருந்தும் பதற்றத்திலிருந்தும் அதை விடுவிப்பதையும் பாடத்திட்டத்தின் நோக்கமாக வரையறுக்கிறது. உடலில் சொன்னதை வாலில் மறுக்கும் சட்டம் இது.

இதன் விளைவு யாரைப் பாதிக்கிறது? நசிந்து வரும் பள்ளிகளைத்தான். தனியார் பள்ளிகளை நாடிப் பெற்றோர் செல்லச் செல்ல, அரசுப் பள்ளியின் மாணவர் எண்ணிக்கை குறைகிறது. நூறுக்குக் கீழே இறங்கிய பள்ளிக்குக் கலைப் பயிற்றுநரைக் கேட்கும் சட்டபூர்வ உரிமையும் போய்விடுகிறது. பள்ளிக்குப் பிள்ளைகளை ஈர்க்கக்கூடிய ஒன்றை, பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்பதற்காகவே பறிப்பது விசித்திரமான நியாயம்.

பயிற்றுநர் கிடைத்த பள்ளிகளின் நிலையும் பெருமைப்படத்தக்கதாக இல்லை. தமிழகத்தில் 2012-இல் ஓவியம், இசை, உடற்கல்வி, கணினி, தையல் உள்ளிட்ட பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் ரூ.5,000 தொகுப்பூதியத்தில் நியமிக்கப்பட்டனர். பின்னர் ஊதியம் உயர்த்தப்பட்டாலும், பணி நிரந்தரம் கோரி அவர்கள் ஆண்டுக்கணக்கில் வீதியில் நின்று போராட வேண்டியிருந்தது. அடுத்த மாதம் வேலை இருக்குமா என்று அஞ்சும் ஆசிரியரிடம் அச்சமற்ற வகுப்பறையை எதிர்பார்ப்பது எப்படி?

'எழுதப் படிக்கவே தெரியாத பிள்ளைக்கு ஓவியம் எதற்கு?' என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியை அலட்சியப்படுத்த முடியாது. ஊரகப் பகுதிகளில் நடத்தப்படும் 'அசர்' ஆய்வின்படி, இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்த ஐந்தாம் வகுப்பு மாணவர்கள் 2018-இல் 50.5 சதவீதம், கொள்ளை நோய்த்தொற்றுக்குப் பிறகு, 2022-இல், அது 42.8 சதவீதமாகச் சரிந்தது. வாசிப்பை மீட்பதுதான் முதல் கடமை என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. ஆனால், கலையை அகற்றினால் வாசிப்பு வளரும் என்பதற்கு ஆதாரம் எங்கே?

மாறான ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 42 பொதுப் பள்ளிகளில் 10,548 மாணவர்களிடையே நடத்தப்பட்டு 2019-இல் வெளியான ஆய்வில், எந்தப் பள்ளிகளுக்குக் கூடுதல் கலைக் கல்வி என்பது குலுக்கல் முறையில் முடிவு செய்யப்பட்டது. அதைப் பெற்ற பள்ளிகளில் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளான மாணவர்களின் விகிதம் 3.6 சதவீதப் புள்ளிகள் குறைந்தது. எழுத்துத் தேர்வின் மதிப்பெண் கூடியது. பிறர் துயரம் உணரும் பண்பும் வளர்ந்தது. வரையும் நேரம், படிக்கும் நேரத்தைத் திருடிவிடவில்லை.

பிழைப்புத் தேடிப் பல மாநிலத்தவர் குடியேறும் தொழிற்பகுதிகளுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, பாடநூலில் இன்னொரு மொழி என்று தடுமாறும் குழந்தை, முதல் நாளிலேயே பிழையின்றிப் பேசக்கூடிய ஒரே மொழி ஓவியம். தான் வரைந்ததைப் பற்றிச் சொல்ல முற்படும்போதுதான் அதற்குப் புதிய சொற்களும் தேவைப்படுகின்றன.

இது மேலைநாட்டிலிருந்து இறக்குமதியான சிந்தனையும் அல்ல. சாந்திநிகேதனில் பயின்ற தேவி பிரசாத், 1944-இல் காந்தியடிகளின் சேவாகிராமத்தில் ஓவிய ஆசிரியராகச் சேர்ந்து, கிராமத்துக் குழந்தைகளிடையே பணியாற்றினார். கல்விக்கு அடித்தளமே கலை என்று அவர் எழுதினார். பத்தாம் வகுப்பு வரை கலையைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு பரிந்துரைத்தது. பாடம், பாடத்துக்கு அப்பாற்பட்டது என்ற பாகுபாடு கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் கூறியது. பரிந்துரைகளுக்குப் பஞ்சமில்லை, பணியிடங்களுக்குத்தான் பஞ்சம்.

மத்திய அரசு 2015-இல் தொடங்கிய 'கலா உத்சவ்', தமிழக அரசு 2022-இல் தொடங்கிய கலைத் திருவிழா போன்றவை வரவேற்கத்தக்கவை. ஆயினும், போட்டி, திறமை உள்ளவரைத் தேர்ந்தெடுக்கிறது. வகுப்பறை, திறமை இருப்பதை அறியாதவரையும் அரவணைக்கிறது. அறுவடைத் திருநாள் மட்டும் கொண்டாடினால் போதாது, விதைக்கவும் வேண்டும்.

செய்ய வேண்டியது கடினமானதல்ல. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையை அறிவிக்கை மூலமாகவே திருத்தும் அதிகாரத்தை 20-ஆவது பிரிவு மத்திய அரசுக்கு அளித்திருக்கிறது. நூறு மாணவர் என்கிற வரம்பை நீக்கி, தொடக்கப் பள்ளிகளையும் சேர்க்க வேண்டும். சிறிய பள்ளிகள் சிலவற்றுக்கு ஒரு முழுநேரக் கலை ஆசிரியர் என்று பொதுவாக நியமிக்கலாம். தாளுக்கும் வண்ணத்துக்கும் தனி நிதி ஒதுக்கலாம்.

பட்டறைத் தொழிலாளியின் மகளுக்கும் பணக்காரப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கும் கற்பனை வேறல்ல. ஒருவருக்குத் தூரிகையும் மற்றவருக்கு வண்ணம் பூசிய சுவரும் என்றால், அதைக் கல்வி உரிமை என்று அழைப்பது பொருந்தாது.